காரைக்குடி பழைய போஸ்டர் கடை: வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய சினிமா போஸ்டர், ரவிவர்மா படம், சிவகாசி சாமி காலண்டர் என்று காகிதத்தில் அச்சான பழசு எதை வாங்க நினைத்தாலும் நான் கைகாட்டும் இடம் ஒன்றுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் அல்லவா, அங்கிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் நம்பரையும் எங்கும் எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. தெருவில் யாரிடமாவது "பேப்பர் அண்ணன் கடை" என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

நான் சிவகாசி. அச்சகத்தில் பிளேட் (அச்சுத் தகடு) செக்‌ஷனில் வேலை. அப்பா லித்தோ ஆர்ட்டிஸ்ட். கல்லிலும் துத்தநாகத் தகட்டிலும் கையால் வரைந்து கலர் பிரித்த தலைமுறை. என் காலத்தில் ஆப்செட் வந்தது, இப்போது கம்ப்யூட்டரிலிருந்து நேராக பிளேட் வருகிறது. அதனால் ஒரு போஸ்டரை எடுத்தால் நடிகர் யார் என்று பார்ப்பதற்கு முன் எப்படி அச்சடித்தார்கள் என்றுதான் என் கண் போகும். பழசு என்று சொல்லி விற்கும் கடைகள் பலவற்றில் ஏறி இறங்கியிருக்கிறேன். இந்த அண்ணனிடம் மட்டும் நான் லென்ஸை எடுப்பதற்கு முன்பே அவர் எடுத்து நீட்டினார்.

கடையின் பெரிய பலம் அங்கே இருக்கும் சரக்கு என்று சொல்ல மாட்டேன். தன்னிடம் இருப்பது எது, எங்கிருந்து வந்தது, எத்தனையாவது அச்சு என்பதை வாங்குகிறவர் கேட்காமலே சொல்லிவிடுவதுதான் பலம். இந்தத் தொழிலில் விலையே அதில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம். மேசைமேல் ஒரே படத்தின் போஸ்டர் மூன்றைப் பரப்பிக் காட்டினார். 1960களில் வந்த எம்.ஜி.ஆர். படம். தள்ளி நின்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான்.

முதல் தாள் எம்.ஜி. (மெஷின் கிளேஸ்டு) போஸ்டர் பேப்பர். முன்பக்கம் பளபளப்பு, பின்பக்கம் சொரசொரப்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்து நிழலில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், மணல் தூவியதுபோலக் கிடக்கின்றன. ஆர்ட்டிஸ்ட் கிரேயானால் தேய்த்த கைவேலை அது. மீசையோரத்தில் சிவப்பு மற்ற நிறங்களோடு பொருந்தாமல் ஒரு நூல் அளவுக்கு ரிஜிஸ்டர் விலகியிருந்தது. கீழே விநியோகஸ்தர் முகவரியில் 'சென்னை-2' என்று மட்டும் இருக்கிறது. ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது, ஆகவே இது அதற்கு முந்தைய அச்சாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது தாளும் நிஜமான பழசுதான். ஆனால் மேல் மூலையில் 'புத்தம் புதிய காப்பி' என்று சிவப்புப் பட்டை. அதாவது ரீ-ரிலீஸ். லென்ஸில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன, கேமராவில் ஸ்கிரீன் (புள்ளி வலை) போட்டுப் பிரித்த கலர். இதைவிட நல்ல அடையாளம் எழுத்து. 1978 அக்டோபரில் அரசாணை மூலம் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'லை', 'னை' போன்ற எழுத்துகள் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருக்கும். இந்தத் தாளில் புது 'லை'. அறுபதுகளில் வந்த படத்தின் போஸ்டரில் புது எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் பின்னாளில் அடித்ததுதான். இதைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் பண்ணாதீர்கள் என்றும் அண்ணன் சொன்னார். கையால் எழுதிப் பழகிய ஆர்ட்டிஸ்டுகள் ஆணை வந்த பிறகும் பல வருஷம் பழைய கொம்பையே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது தாள்தான் எல்லாரும் பார்க்க வேண்டியது. நாலாக மடித்த தடம், ஓரக் கிழிசல், ஒரு மூலையில் பழுப்புக் கறை, எல்லாம் கச்சிதமாக இருக்கிறது. விரலை வைத்துத் தடவினால் வழவழ. மடிப்பும் அச்சு, கறையும் அச்சு. பழைய தாள் ஒன்றை ஸ்கேன் செய்து பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அண்ணன் ஜன்னலைச் சாத்திவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா விளக்கை அடித்தார். அந்தத் தாள் மட்டும் நீல வெள்ளையாக ஒளிர்ந்தது. இன்றைய காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம். மற்ற இரண்டும் மங்கலாகவே கிடந்தன. வேறொரு ஊரில் பழசு என்று நம்பி ஒருவர் வாங்கி, இவரிடம் விற்க வந்தபோது கொடுத்துவிட்டுப் போன தாளாம் அது. பின்பக்கம் பெரிதாக 'நகல்' என்று முத்திரை குத்தி, வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்றே வைத்திருக்கிறார்.

"தம்பி, ரெண்டாவது ரெண்டாம் ஓட்டம். அதுக்கு மொத ரிலீஸ் காசு கேக்க மாட்டேன். சுவத்துக்கு அழகா இருந்தாப் போதும்னா நீங்க எங்கிட்டயே வர வேணாம், மதுரையில பிரிண்ட் போட்டுக்கங்க" என்றார். முதல் தாளுக்கு ஒன்பதாயிரம் சொல்லி எட்டாயிரத்துக்குக் கொடுத்தார். இரண்டாவது ஆயிரத்து எண்ணூறு. இரண்டையும் வாங்கினேன்.

பாட்டுப் புத்தகங்களுக்கும் இதே மாதிரி கணக்கு வைத்திருக்கிறார். பின்னட்டையில் விலை அணாவில் இருந்தால் ஒரு காலம், நயா பைசாவில் இருந்தால் இன்னொரு காலம். 1957 ஏப்ரலில்தான் காசு தசமத்துக்கு மாறியது. ஆனால் பாட்டுப் புத்தகத்தில் அவருக்கு மனசு அவ்வளவாக இல்லை. அட்டைப்பெட்டிகளில் அள்ளிப்போட்டு வைத்திருக்கிறார், வரிசையும் கிடையாது. பொறுமை இருந்தால் தோண்டலாம்.

இந்தச் சரக்கு அவர் கைக்கு வரும் வழியைத் தெரிந்துகொண்டால்தான் விலை நியாயமா இல்லையா என்று நமக்குப் புரியும். போஸ்டர் என்பது மைதா பசையில் ஒட்டி, மழையில் நனைந்து, அடுத்த வெள்ளிக்கிழமை அதன்மேல் இன்னொன்று ஒட்டப்பட்டுப் போவதற்காகவே அடித்த பொருள். ஒட்டியது எதுவும் மிஞ்சாது. மிஞ்சியதெல்லாம் ஒட்டாமல் தங்கியவை. அவை எங்கே தங்கின? விநியோகஸ்தர் ஆபீஸில். தமிழ்நாட்டைச் சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு-தென் ஆற்காடு, சேலம், கோவை, திருச்சி-தஞ்சாவூர், மதுரை-ராமநாதபுரம் (சுருக்கமாக எம்.ஆர்.), நெல்லை-குமரி என்று ஏரியாக்களாகப் பிரித்துத்தான் படத்தை விற்பார்கள். போஸ்டர் கட்டுகள் ஏரியா ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போகும். ஓடாத படத்தின் கட்டு பிரிக்கப்படாமலே பரணில் ஏறிவிடும். அதனால்தான் சூப்பர்ஹிட் படத்தின் முதல் ரிலீஸ் போஸ்டர் அரிது, ஊற்றிக்கொண்ட படத்தின் போஸ்டர் இன்றைக்கும் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

டிஜிட்டல் புரொஜெக்‌ஷன் வந்து பெட்டி தூக்கும் வேலை போனதும் அந்த ஆபீஸ்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. அண்ணன் அந்த வருஷங்களில் ஓய்ந்து உட்காரவே இல்லை. சென்னை அண்ணா சாலைக்குப் பக்கத்து மீரான் சாகிப் தெருவில் மாடி மாடியாக விநியோகஸ்தர் ஆபீஸ்கள் இருந்தன; அங்கே கிலோக் கணக்கில் பழைய பேப்பர்காரரிடம் போக இருந்த மூட்டைகளுக்காகத் தட்டுவண்டி பிடித்துக் காத்திருந்திருக்கிறார். மூடிய தியேட்டர் இடிபடுகிறது என்று கேள்விப்பட்டால் இரவு பஸ்ஸே பிடித்துவிடுவார். மதுரை தங்கம் தியேட்டர் மாதிரி ஊரே கொண்டாடிய கொட்டகைகளே போய்விட்ட பிறகு, சின்ன ஊர் டூரிங் டாக்கீஸில் என்ன மிஞ்சும்? சில இடத்தில் கண்ணாடி ஸ்லைடு, சில இடத்தில் டிக்கெட் கட்டு, பல இடத்தில் வெறுங்கை. போக வர பஸ் செலவும் லாட்ஜ் வாடகையும் அவர் கைக்காசு.

இப்போது அவருக்குச் சரக்கு கிடைப்பது பெரும்பாலும் பழைய ரெப்களின் வீட்டில். ரெப் என்றால் படப்பெட்டியோடு தியேட்டருக்குப் போய் வசூல் கணக்குப் பார்த்த விநியோகஸ்தரின் ஆள். திண்டுக்கல் பக்கம் ஒரு ரெப் காலமானபின் அவர் வீட்டம்மா கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டி, அதற்குள் சாக்கில் சுற்றிய கட்டு. மேலேயும் கீழேயும் கரையான் தின்று மண்ணாகிவிட்டது, நடுவில் இருந்த தாள்கள் பிரஸ்ஸிலிருந்து நேற்று வந்த மாதிரி. அந்தத் தாள்களில் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் கரையான் மண் போட்ட தடம் லேசாகத் தெரியும். அதைச் சுத்தமாக எடுத்துத் தர முடியும், ஆனால் எங்கே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி, விட்டுவைக்கலாமா என்று கேட்டார். விட்டுவைக்கச் சொன்னேன்.

அந்த அம்மாவுக்கு மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கவில்லை. விற்க விற்கப் பாதி அவர்களுக்கு. நீள வாக்கு கணக்கு நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். எனக்கு விற்றதை என் கண்ணெதிரே அதில் எழுதினார்: தேதி, 'எம்.ஆர். ஏரியா, ரெப் வீடு, சாக்குக் கட்டு, நடுத் தாள்', விலை, அவர்கள் பங்கு. எனக்குக் கொடுத்த பில்லிலும் அந்த வரி அப்படியே இருக்கிறது. நாளைக்கு நான் விற்றாலும் என் பிள்ளை விற்றாலும் அந்தத் தாள் கடந்து வந்த வழி கூடவே போகும். இதற்காகவே அவர் சொல்லும் விலைக்கு மேல் ஆயிரம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

வருஷத்தில் சில தடவை மும்பை போகிறார். அங்கே சோர் பஜாரில் பழம்பொருள் கடைகள் இருக்கும் மட்டன் ஸ்ட்ரீட். ஜெமினியும் ஏவி.எம்.மும் சென்னையிலிருந்து இந்திப் படங்கள் எடுத்தார்களே, அந்தப் படங்களின் போஸ்டர் அங்கேதான் கிடைக்கும். இங்கே யாரும் சீந்தாத வட இந்தியச் சரக்கைக் கொண்டுபோய் அங்கே மாற்றிக்கொண்டு வருவார். வெள்ளிக்கிழமை விடியற்காலைத் தெருச்சந்தையில் கிடைப்பதுதான் லாபம், கடைக்குள் ஏறிவிட்டால் விலையும் ஏறிவிடும் என்கிறார்.

சினிமாவைவிட்டு வந்தால், கடையின் உள்ளறையில் இருப்பது செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த படங்கள். முகப்பிலும் வளவிலும் (உள்முற்றத்திலும்) வரிசையாக மாட்டியிருந்தவை. வீட்டைப் பங்கு பிரிக்கும்போது தேக்கும் எனாமல் பாத்திரமும் முதலில் போகும், படங்கள் கடைசியில் வரும். ரவிவர்மா 1894இல் பம்பாய் கிர்காவில் தொடங்கிய பிரஸ், பிறகு லோனாவாலா பக்கம் மாலவ்லிக்குப் போய், ஷ்லைஷர் என்ற ஜெர்மன்காரர் கைக்கு மாறி, 1972 தீ விபத்தில் அழிந்தது. அந்தப் பிரஸ்ஸின் லட்சுமியும் சரஸ்வதியும் இங்கே இருக்கிறார்கள். பிரஸ் பெயர் கீழ் ஓரத்தில்தான் இருக்கும். ஆனால் பிரேம் போட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஓரத்தை வெட்டியிருப்பார்கள். வெட்டியிருந்தால் 'ரவிவர்மா பிரஸ்' என்று அண்ணன் சொல்வதில்லை, 'ரவிவர்மா வகை' என்றுதான் பில்லில் எழுதுகிறார். முதல் உலகப் போருக்கு முன் ஜெர்மனியில் அச்சாகி வந்த சாமி படங்களும் உண்டு. சேலைக்கு ஜரிகையும் சமிக்கியும் நிஜமாகவே வைத்துத் தைத்த படம் ஒன்று பார்த்தேன். அம்பாளின் முகத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் துணி. அதற்கு விலை சொல்ல மறுத்துவிட்டார்.

எனக்கு நெருக்கமான பகுதி கோவில்பட்டி. சி. கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்து, எங்கள் ஊர் பிரஸ்களில் அச்சாகி, நாடெங்கும் பூஜை அறைக்குப் போன காலண்டர் படங்கள். குருவும் சீடர் டி.எஸ். சுப்பையாவும் சேர்ந்தே கையெழுத்துப் போட்ட படங்கள் உண்டு. அண்ணனிடம் தேதித்தாள் ஒட்டுகிற அட்டையோடு, ஜவுளிக்கடை பெயர் அச்சிட்ட நிலையிலேயே சில இருக்கின்றன. கடைப் பெயர் அசிங்கமாக இருக்கிறது, வெட்டிக் கொடுங்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்களாம். தயவுசெய்து கேட்காதீர்கள். எந்த ஊர், எந்தக் கடை என்ற அந்த வரிதான் படத்தின் பாதி மதிப்பு.

வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒன்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979லேயே தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை. சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா மகன் எவ்வளவு கேட்டும் ஜெர்மன் அச்சு லட்சுமியை அண்ணன் அனுப்ப ஒத்துக்கொள்ளவில்லை. ஐம்பது அறுபது வருஷத்து சினிமா போஸ்டர் என்றால் அனுப்புகிறார்.

பழுது பார்க்கும் வேலையையும் அவரே செய்கிறார், அதில் கை சுத்தம். மைதாவைப் பிசைந்து தண்ணீரில் கழுவிக் கழுவி, சவ்வு மாதிரி வருவதை எடுத்து எறிந்துவிட்டு, அடியில் படிகிற மாவை மட்டும் காய்ச்சிப் பசை எடுக்கிறார். பைண்டிங்காரர்கள் பூச்சிக்குப் பயந்து பசையில் மயில்துத்தம் போடுவார்களே, அதைத் தொடுவதே இல்லை. காலப்போக்கில் அது காகிதத்தை நொறுக்கிவிடும். கிழிசலுக்குப் பின்னால் மெல்லிய ஜப்பான் காகிதம். பழைய செல்லோடேப்பை எடுக்க ஒரு மூலைக்கு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தார். லாமினேட் செய்து கேட்டால் விற்கவே மாட்டார்.

இனி குறைகள். பிரேம் அவரிடம் போடாதீர்கள். இவ்வளவு தெரிந்தவர், பிரேமுக்கு மட்டும் பழைய ஹார்டுபோர்டையே பின்னால் வைக்கிறார், கண்ணாடியும் தாளில் ஒட்டி நிற்கிறது. ஈரக் காற்றுக்கு இரண்டே மழைக்காலத்தில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளிப் பட்டை, இவற்றைக் கேட்டு வெளியில் போட்டுக்கொள்ளுங்கள். நேரடியாகவே சொல்லிவிட்டேன், கேட்டுக்கொண்டார், மாற்றவில்லை. பார்சலும் சுமார்தான். குழாய் மெல்லிசாக இருக்கிறது. பி.வி.சி. பைப் நீங்களே கொண்டுபோவது நல்லது.

வாட்ஸ்அப்பில் படம் கேட்டால் அனுப்ப மாட்டார். நேரில் வந்து தொட்டுப் பார்த்து வாங்கு என்பது அவர் கொள்கை. தூரத்தில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். உள்ளறையில் வெளிச்சமும் போதாது, டார்ச் கொண்டுபோங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்துருண்டை நிறையப் போட்டிருப்பதால் மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கவனமாக இருங்கள். பேரம் சுமார் பத்து சதவீதம் படியும், அதற்குமேல் கேட்டால் முகம் மாறிவிடும்.

மாதத்தில் பாதி நாள் அவர் ஊரில் இருப்பதில்லை. அவர் இல்லாத நாளில் கடை திறக்காது, அதனால் பக்கத்துக் கடையில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் வெளியே இருப்பதை மட்டும்தான் காட்டுவார். ஈரக் காற்றில் கட்டுப் பிரிக்கக் கூடாது என்பார். திருச்சி-தஞ்சாவூர் ஏரியாவிலிருந்து வந்த மூட்டைகள் சுவரோரம் இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன. ஆறு ஷீட் போஸ்டர் முழு செட்டாக அதில் இருக்கலாம் என்று நினைக்கிறார். துண்டு துண்டாக அடித்துச் சுவரில் சேர்த்து ஒட்டுவது என்பதால் ஒரு துண்டும் குறையாமல் கிடைப்பது அபூர்வம். தை பிறந்ததும் பிரிக்கப்போகிறார். அன்றைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.